டெப் வந்தா ஒரு கொப்பியாவது போகணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தாய்மார் கிளினிக் எல்லாம் டிஜிட்டல் ஆகப்போகுது என்டு அடிக்கடி பேப்பர்ல பார்க்கிறம். நல்லது தான், நான் குறை சொல்ல வரல்ல. ஆனா போன மாசம் மகளோட கிளினிக் போய் காலம ஆறரையில இருந்து வாங்குல குந்தியிருந்து பார்த்தத எழுதாம இருக்க ஏலாம கிடக்கு.

மிஸ் பிரஷர் பார்த்தாங்க, 130/80. அத மகள்ட எச் 512 கார்ட்ல, அதான் கர்ப்பிணித் தாய்மார் கையில வச்சிருக்கிற பதிவு மட்டையில எழுதி, பிறகு பெரிய ரெஜிஸ்டர்லயும் எழுதி, கடைசியா டெப்ல (டெப்லட் கம்பியூட்டர்ல) போடப் போனா அது சுத்திக்கொண்டே நிக்குது. நெட் இல்லயாம், வீட்ட போய் தன்ட போன் டேட்டாவில போடுறாவாம். பாவம், பின்னால இன்னும் நாப்பது பேர். இதால யாருக்கு வேலை குறைஞ்சது?

நம்மட சுகாதாரத்துறை தகவல் பதிய பாவிக்கிற டிஎச்ஐஎஸ்2 என்ட சொப்ட்வெயார்ல நெட் இல்லாமலே பதிஞ்சு வச்சு பிறகு அனுப்புற வசதி இருக்கு, அத ஒழுங்கா போட்டுக் குடுத்தா போதும். கார்ட்ட மட்டும் நிப்பாட்டிப் போடாதீங்க, 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள்ல தாய்ட பேக்குக்குள்ள கிடந்த அந்த மட்டை தான் உதவினது. குறைக்கிறதென்டா ரெஜிஸ்டர குறைங்க.

டெப் உண்மையா உதவுற இடம் வேற. கர்ப்பம் 20 கிழமைக்குப் பிறகு பிரஷர் 140/90க்கு மேல போனா, சிறுநீர்ல புரதமும் வந்தா, அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. ஆனா 110, 120, 130 என்டு ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுறது அவசரத்தில கார்ட பிரட்டுற ஆள்ட கண்ணுல படாது, மெஷின் என்டா கோடு போட்டுக் காட்டும்.

இன்னொன்டு, மகள்ட போனுக்கு அடுத்த கிளினிக் திகதி வந்தது முழுக்க சிங்களத்தில, பக்கத்து வீட்டுப் பொடியன் தான் வாசிச்சு சொன்னான். திகதி என்டபடியா பரவாயில்ல, நாளைக்கு "தலையிடி, கண் மங்கல் இருந்தா உடனே வாங்க" என்டு வந்தா? தென்னாபிரிக்காவில 2014ல தொடங்கின மொம்கனெக்ட் என்ட போன் சேவை தாய்மாருக்கு 11 மொழியில மெசேஜ் அனுப்புது. இங்க இருக்கிறது ரெண்டே ரெண்டு அரச கரும மொழி!

அடுத்த டெப் வாங்க முதல், தீர்மானம் எடுக்கிற ஆக்கள் ஒரு காலம எங்களோட அந்த வாங்குல வந்து இருக்கட்டும், ஆறரைக்கே வரணும், பிந்தினா இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.