லேப்டாப் வாங்கும் முன் ஒரு நிமிடம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றதிலிருந்து, பள்ளிக்கு வருகிற பெற்றோரில் பாதிப்பேர் கேட்பது "சார், பையனுக்குப் புதுசு வாங்கணுமா?" என்றுதான். கோயம்புத்தூர் கடையில் கேட்டால் வாங்கத்தான் சொல்வார்கள், அது அவர்கள் பிழைப்பு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும், அதனால் 2016 வாக்கில் வாங்கி இன்றும் நன்றாக ஓடுகிற மெஷினைக்கூட அது ஏற்காது.

அதற்காகத் தேயிலைப் பணத்தில் கை வைக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், 4 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும். பென்டிரைவில் போட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் நிறுவலாம். எழுத, கணக்குப் போட, பைத்தான் என்ற நிரல்மொழி பழக இது தாராளம். தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வரும் ஓப்பன் ஆஃபிஸும் இதில் ஓடும்.

சிக்கல் பன்னிரண்டாம் வகுப்பில். அங்கே பாடநூலில் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் இருக்கிறது, அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. (2001-க்குப் பிறகு பெரிய புதுப் பதிப்பே வராத மென்பொருளை இன்னும் ஏன் படிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.) அந்தப் பயிற்சியைப் பள்ளி லேபில் பார்த்துக்கொள்ளலாம்.

படம் வரைகிற, வீடியோ வெட்டுகிற பிள்ளைகள்? வரைய கிரிட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், வீடியோவுக்கு கேடன்லைவ், எல்லாம் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஆனால் போட்டோஷாப், பிரீமியர்தான் வேண்டும் என்று கல்லூரி கேட்டால் விண்டோஸ் அல்லது ஆப்பிளின் மேக், வேறு வழியில்லை. மேக்கில் வீடியோவுக்கு ஐமூவி, இசைக்கு கராஜ்பேண்ட் கூடவே வருகின்றன, நல்ல மெஷின்தான். ஆனால் இப்போதைய மேக்புக்கில் பின்னால் ரேம் கூட்ட முடியாது, பழுதானால் மலை இறங்க வேண்டும். பிள்ளை இன்னும் போனிலேயே எடிட் செய்துகொண்டிருந்தால் அவ்வளவு பணம் இப்போது வேண்டாம் என்பேன். கூகுளின் குரோம் ஓஎஸில் ஓடும் குரோம்புக் லேப்டாப் விலை குறைவுதான், ஆனால் பெரும்பாலான வேலைக்கு இணையத்தை நம்பியிருக்கும். மழை பிடித்தால் நம் எஸ்டேட் பக்கம் நெட் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பழைய லேப்டாப்பை லேபுக்குக் கொண்டு வாருங்கள். அதற்கு முன் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். வீட்டில் பிரிண்டர் இருந்தால் அதன் மாடலையும் எழுதி வாருங்கள், சில பிரிண்டர்கள் லினக்ஸில் மக்கர் செய்யும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
கோத்தகிரி