பொழுதுபோக்கு என்று ஒரு வார்த்தை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுவழிக் கல்வி பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை என் நாத்தனார் கத்தரித்து, ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, முறுக்கு டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். நாங்களும் தங்கள் இதழை வாங்குகிறவர்கள்தான் என்பது அவருக்குத் தெரியும். அந்த வரியை நான் தவறவிட்டுவிடக் கூடாதே என்கிற அக்கறை. "இது பெரும்பாலும் வசதியும் ஓய்வும் உள்ள தாய்மார்களின் பொழுதுபோக்கு" என்பதுதான் அந்த வரி.

என் ஓய்வைப் பற்றிச் சொல்கிறேன். கரூரில் வாடகை வீடு. கணவர் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் சூப்பர்வைசர். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். முகூர்த்த மாதம் என்றால் இரவு பன்னிரண்டுக்கும் கொக்கி வைத்துக்கொண்டிருப்பேன். மிஷினுக்குப் பக்கத்திலேயே பையனுக்கு ஒரு ஸ்டூல். மார்பளவு 34 என்றால் நாலில் ஒன்று எட்டரை, தையலுக்கு விடுவது தனி என்று அவன் பின்னம் படித்தது என் டேப்பில்தான். இதைப் பொழுதுபோக்கு என்று எழுதியவர் ஒருநாள் வந்து என் பொழுதைப் போக்கிக் காட்டட்டும்.

நாங்கள் ஏதோ கொள்கைக்காகப் பள்ளியை விட்டவர்கள் இல்லை. இளையவள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். சந்தோஷமாகப் போகிறாள், சந்தோஷமாக வருகிறாள். மூத்தவன் கதை வேறு. அவனை ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருந்தோம். கொரோனாவில் மூடிய பள்ளிகள் 2021 நவம்பரில் சிறு வகுப்புகளுக்குத் திறந்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. எழுத்து மெதுவாகத்தான் வரும். நோட்டை முடிக்கவில்லை என்று வாரத்தில் மூன்று நாள் வராந்தாவில் நிறுத்தினார்கள். காலை ஏழரை ஆனால் வயிற்று வலி. டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். வேறு பள்ளிக்கு மாற்றியும் பார்த்தோம். ஒரு மாதம், கேட்டைப் பார்த்தாலே வாந்தி. அப்புறம்தான் வீட்டில் வைத்துக்கொண்டோம். இதைத் தங்கள் கட்டுரையாளர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

முதல் பள்ளியில் டி.சி. வாங்க நான் நடந்த நடை தனிக் கதை. படிக்கப் போகாத அடுத்த டேர்முக்கும் கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். கட்டணம் வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. எனக்கு இரண்டு வருடம் தாமதமான நீதி, போகட்டும். அப்போதே தங்களுக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன். நாலு வரியாக்கிப் போட்டீர்கள். கட்டண விஷயம் இருந்த பத்தி மட்டும் காணவில்லை. அது ஜூன் மாதம், பள்ளிச் சேர்க்கைச் சிறப்பிதழ், பக்கத்துக்குப் பக்கம் பள்ளி விளம்பரம். இடநெருக்கடி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கல்வியில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கட்டுரையாளர் என்னிடம் கேட்டிருந்தால் அவர் எழுதியதைவிடக் கடுமையாக நானே சொல்லியிருப்பேன். காலை எட்டு மணிக்கு வேன்கள் வந்து தெருவை வழித்துக்கொண்டு போய்விடும். சாயங்காலம் திரும்பி வரும் பிள்ளைகள் நேரே டியூஷனுக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இவனுக்கு கிரிக்கெட் ஆள் கிடைக்கிறது. செஸ் போட்டிக்குப் போனால் விண்ணப்பத்தில் தலைமை ஆசிரியர் முத்திரை கேட்கிறார்கள். அறிவியலில் உப்புக் கரைசலைக் காய்ச்சிப் படிகம் எடுத்தோம். அதற்கு மேல் என் சமையலறை போகாது. எனக்கு ஆங்கிலம் தடுமாறுகிற இடத்திலெல்லாம் அவனுக்கும் தடுமாறுகிறது. எல்லாவற்றையும்விட ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு டீச்சர் மேல் கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லலாம். பத்து மணிக்குக் கணக்கில் நான் கத்திவிட்டால், இவன் யாரிடம் போய்ச் சொல்வான்? ஒரு மணிக்குச் சோறு போடுவதும் நான்தானே. பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். அன்று முழுக்க எனக்குத் தையல் ஓடாது.

ஆனால் வயிற்று வலி போய்விட்டது. அரசுப் பாடநூல்களைத்தான் வைத்துப் படிக்கிறான். ஒரு பாடம் பிடித்தால் நாலு நாள் அதிலேயே கிடப்பான். மணி அடித்து யாரும் பிடுங்குவதில்லை. எழுத்து இன்னும் மெதுதான், ஆனால் இப்போது ஒரு பக்கத்தை எழுதி முடிக்கிறான்.

சட்டத்துக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. அதற்குப் பதிலாக, "இப்பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுத வழியில்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். என் மாமனார் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை.

தங்களுக்குத் தெரியாததில்லை, 1989இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம். தமிழிலும் எழுதலாம். தவறிய பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம், ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. நம் மாநிலத்திலேயே பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். ஒவ்வொரு வருடமும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிப்பு விடுகிறது. அதைத் தங்கள் குழுமத்தின் நாளிதழே வெளியிடுகிறது. என் மகனுக்கு 12 வயது. எங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். தேர்வு பற்றிய அந்தத் தவறான வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், மாமனாருக்குக் காட்ட வேண்டும். பொழுதுபோக்கைத் திருத்தச் சொல்லவில்லை. அது கட்டுரையாளரின் கருத்து, அவரே வைத்துக்கொள்ளட்டும். கட்டம் கட்டிப் போட வேண்டியதும் இல்லை. நாலு வரி போதும். எனக்கு வழக்கமாக ஒதுக்குகிற இடம்தானே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கரூர்.