ரோஜா எண்ணெயில் மெழுகா? நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ரங்கூனில் நம்ம அத்தர் கடைக்கு வந்துபோகும் எல்லோருக்கும் வணக்கம், சலாம்.

விலைப் பலகையை மாற்றுவதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கொஞ்ச நாளாக வைபரில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. காளி கோவில் வாசலில்கூட இரண்டு பேர் நிறுத்திக் கேட்டுவிட்டார்கள். முதலில் அதைப் பேசிவிடலாம், விலை எங்கும் ஓடிவிடாது.

படத்தில் இருப்பது நம்ம ரோஜா எண்ணெய்க் குப்பிதான், மறுக்கவில்லை. உள்ளே எண்ணெயின் மேல்பாதியில் வெள்ளையாக, ஊசி ஊசியாக ஏதோ மிதக்கிறது. கீழே "மெழுகு கலந்து விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்" என்று எழுதியிருக்கிறது. போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லப்போவதில்லை. பல வருடமாக நம்மிடம் வாங்கியவர். போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான் என் வருத்தம்.

அந்தக் குப்பி மார்கழியில் மலைமேல் இருக்கும் மேமியோவுக்குப் பார்சலில் போனது. அங்கே அந்த மாதத்தில் இரவுக் குளிர் எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும், 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அசல் ரோஜா எண்ணெய் 20 டிகிரியை ஒட்டியே உறைய ஆரம்பிக்கிற சாமான். ரோஜா இதழின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இயற்கையாகவே உண்டு. செம்பு அண்டாவில் ஆவி விட்டுக் காய்ச்சும்போது அதில் கொஞ்சம் எண்ணெயோடு கூடவே வந்து சேரும். தொழிலில் அதற்கு ஸ்டியரோப்டீன் என்று பெயர். அதற்கென்று வாசனை கிடையாது. வெயிலில் தண்ணீராக நிற்கும் தேங்காய் எண்ணெய் பனிக்காலத்தில் உறைந்தால் யாரும் கடைக்காரனைத் திட்டுவதில்லையே. ஆக, மெழுகு இருக்கிறது என்பது உண்மை. அது பூ போட்டது, நாங்கள் போட்டதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். குப்பியை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊசிகள் ஓரத்திலிருந்து கரைந்து, எண்ணெய் பழையபடி வெளிர் மஞ்சளாகத் தெளிந்துவிடும். அடுப்பில் வைக்க வேண்டாம், கொதிக்கும் தண்ணீரில் போடவும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உறைவதால் மட்டுமே அது அசல் என்று நான் வாதாட வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே நம்ம இந்தியாவின் ரோஷா புல் எண்ணெய் பம்பாயிலிருந்து கப்பலேறி கான்ஸ்டான்டிநோபிள் வரைக்கும் போய் பல்கேரிய ரோஜா எண்ணெயில் கலந்தது. இரண்டிலும் ஜெரானியால் என்ற அதே வாசனைச் சத்து இருப்பதால் மூக்கு எளிதில் ஏமாறும். ஆனால் புல் எண்ணெய் கூடக்கூட உறைகிற குணம் குறைந்துபோகும். அதை மறைக்கத் திமிங்கிலத் தலையிலிருந்து எடுக்கும் மெழுகைப் போட்டவர்களும் உண்டு. கலப்படத்துக்கும் மூளை வேண்டியிருக்கிறது பாருங்கள். அதனால்தான் ஒவ்வொரு சரக்குக்கும் வந்த பரிசோதனைக்கூட அறிக்கையைக் கல்லாவுக்குப் பின்னால் கோப்பில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்டு வாங்கிப் பாருங்கள். படம் பார்த்தவர்கள் முக்கியமாக வாருங்கள்.

பல்கேரியாவில் கசன்லாக் பக்கம் மே, ஜூனில் விடிகிற நேரத்தில் பறிக்கிற பூவில் எடுத்ததுதான் நம்ம ரோஜா எண்ணெய். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3500 முதல் 4000 கிலோ பூ வேண்டும். டீக்கடையில் இரண்டு டீயும் ஒரு பலகாரமும் வாங்கும் காசுக்கு யாராவது "அசல் ரோஜா" கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், பூ எங்கே போனது என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள்.

"உங்கள் ரோஜா பூ மாதிரி மணக்கவில்லையே" என்பது பழைய குறை. நியாயமான குறைதான். பூவைப் பூவாக மணக்கவைக்கும் ஃபெனைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் கரையக்கூடியது. காய்ச்சும்போது பெரும்பகுதி பன்னீரோடு போய்விடும். அந்த மணமே வேண்டும் என்பவர்கள் ரோஜா அப்சொல்யூட் கேளுங்கள். கரைப்பானில் பூவை ஊறவைத்து எடுத்ததை ஆல்கஹாலில் கழுவி, குளிரவைத்து, மெழுகை வடித்துவிட்டு எடுப்பது. ஊசி வருகிற பயமும் இல்லை. விலை கேட்டால் கோபப்படக் கூடாது.

மல்லிகை விஷயம் வேறு. நாம் வாங்குவது மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பூவில் எடுத்தது. அங்கே தை, ஆவணி முகூர்த்தம் வந்துவிட்டால் பூ கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி எகிறும். அந்த விலைக்குப் பூவை வாங்கி எந்த ஆலைக்காரனும் எண்ணெய் எடுக்க மாட்டான். பூ மலிந்து விலை இறங்கும்போதுதான் எடுப்பார்கள். பனிக்காலத்தில் செடி பூப்பதும் ரொம்பக் குறைவு. ஆகவே ஒரு வருடச் சரக்கு போல அடுத்த வருடச் சரக்கு இருக்காது. சென்ற சரக்கில் பச்சை வாடை தூக்கல், இந்தச் சரக்கில் இனிப்பு கூடுதல். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, உங்களில் சிலருக்குப் பழையது பிடித்திருந்தது. ஒரே மாதிரி வேண்டுமென்றால் செயற்கை மல்லிதான் போட வேண்டும். அதைச் செய்யப்போவதில்லை.

சந்தனம் மைசூர்ச் சரக்கா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, மேற்கு ஆஸ்திரேலியாவில் குனுனுர்ரா தோட்டங்களில் வளர்ந்தது. மரம் அதே இந்தியச் சந்தன மரம்தான், ஜாதி மாறவில்லை. இந்தியாவில் சொந்த நிலத்தில் முளைத்த சந்தன மரமும் அரசாங்கச் சொத்தாகவே வெகுகாலம் இருந்தது. கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தை மாற்றின. வைரம் பாய இருபது முப்பது வருடம் வேண்டுமே, அதன்பிறகு நட்ட மரங்களெல்லாம் இன்னும் சரியாகக் கைக்கு வரவில்லை. நல்ல சந்தன எண்ணெயில் மணம் தரும் சத்துகளான ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 சதவீதமும் பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது உலகத் தரநிலை. நம்ம சரக்கு அதற்குள் இருக்கிறது, அறிக்கை அதே கோப்பில்தான்.

அகில் விலையில் மாற்றமில்லை, உள்ளூர்ச் சரக்கு. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கூரியரில் அனுப்பச் சொல்லிக் கேட்கிறீர்கள். அகில் மரம் சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் பெர்மிட் இல்லாமல் நான் அனுப்புவதில்லை.

சரி, விலைக்கு வருகிறேன். டாலர் அரசாங்க விலையில் 2100 சாட் (பர்மா பணம்). அந்த விலைக்கு எனக்கு யார் கொடுக்கிறார்கள்? வெளியே அதைவிட ரொம்பக் கூடுதலாகப் போட்டு வாங்கித்தான் சரக்குக்குப் பணம் கட்டுகிறேன். இறக்குமதி லைசென்ஸ் வரக் காத்திருக்கும் நாளில் விலை இன்னொரு படி ஏறுகிறது. கரண்ட் போகிற நேரமெல்லாம் ஐஸ்பெட்டிக்காக ஜெனரேட்டர் ஓட வேண்டும், ஏனென்றால் அப்சொல்யூட்டும் எலுமிச்சை வகைகளும் ரங்கூன் வெக்கையில் கெட்டுவிடும். டீசல் விலை உங்களுக்கே தெரியும். இத்தனைக்கும் மேலே, கலவை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி பாங்காக் போய்விட்டான். காரணம் கேட்காதீர்கள், இந்த ஊரில் வீட்டுக்கு வீடு அதே கதைதான். அவனைப் போல் மூக்கு எனக்குக் கிடையாது, ஆனால் தராசு தெரியும். இப்போதைக்கு நானே நிறுக்கிறேன், தங்கச்சி குப்பியில் அடைக்கிறாள். அதனால் தனியாகக் கலந்து தரச் சொல்லும் ஆர்டர்களுக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ரோஜா, மல்லி, சந்தனம் மூன்றும் கால் பங்கு விலை கூடுகிறது. பழைய 6 மில்லிக் குப்பி வருவதில்லை என்பதால் இனி 5 மில்லிக் குப்பிதான். வெட்டிவேர், செண்பகம், சாம்பிராணி எல்லாம் பழைய விலையே.

நர்கிஸ் புயலில் கூரை பறந்து, அலமாரியில் பாதி உடைந்து கிடந்தபோது, மிச்சக் குப்பிகளைத் துடைத்துக் கொடுத்ததும் நீங்கள்தான், முழு விலை கொடுத்து வாங்கிப்போனதும் நீங்கள்தான். கொரோனாவில் கடை அடைத்திருந்த மாதங்களில் "சரக்கு பிறகு கொடுங்கள்" என்று முன்பணம் அனுப்பிய பாய்மார்களையும், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் ஆள் அனுப்பும் மௌல்மீன் அம்மாக்களையும் மறக்கிற குடும்பம் இல்லை இது. அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன். படத்தை உங்களுக்கு அனுப்பியவர்களுக்கு இந்த மடலையும் அனுப்பிவையுங்கள்.

தோலா என்ற பழைய நிறுவைக் கணக்கில் வாங்குகிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவைத்தால் பழைய விலைக்கே எடுத்துவைக்கிறேன். ஆள் குறைந்ததால் கடை இனி காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குச் சாத்தப்படும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிகிற வரைக்கும் வழக்கம்போலத் தங்கச்சி மட்டும் இருப்பாள். அப்போது விலை பேரம் வேண்டாம், அவள் என்னைவிடக் கறார்.

இப்படிக்கு,
உங்கள் அத்தர் கடைக்காரர், ரங்கூன்