முதல் நோயறிதலோடு நிறுத்திவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கும் மருத்துவ உளவியலாளர்களுக்கும்,

வணக்கம். உளவள ஆலோசகராகப் பணிபுரியும் நான் ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். பதற்றமோ மனச்சோர்வோ ஏற்கெனவே உறுதியானவர், தனக்கு ஏடிஹெச்டியும் (கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறு) இருக்குமோ என்று கேட்டு வந்தால், பழைய நோயறிதலுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கிவிடாதீர்கள்.

"முதலில் மனச்சோர்வு சரியாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். தற்கொலை எண்ணத்திலோ பித்துநிலையிலோ (அளவுமீறிய உற்சாகமும் வேகமும் கொண்ட நிலை) இருப்பவருக்கு அந்த வரிசைதான் சரி. மற்றவர்களுக்கு, எப்போது மறுபடி பார்ப்பது என்பதைத் தேதியோடு குறிப்பில் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அது அப்படியே விட்டுப்போகிறது.

கவனச்சிதறல் மனச்சோர்விலும் வரும், தைராய்டு கோளாறிலும் வரும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கும் வரும். இன்றைய அறிகுறிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் எது எதனால் என்று பிடிபடாது. அவை எப்போது தொடங்கின என்று பார்த்தால்தான் பிடிபடும். மனச்சோர்வு கொண்டுவந்த மறதி பெரும்பாலும் அதோடு சேர்ந்தே குறையும். ஏடிஹெச்டி அப்படியல்ல, மனம் தெளிவாக இருந்த வருடங்களிலும் கூடவே இருந்திருக்கும். 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் இருந்தனவா என்று, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5 பார்க்கச் சொல்வதும் இதனால்தான். பெற்றோரிடம் பேசுங்கள், பழைய பள்ளி அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். நல்ல மதிப்பெண் இருந்தால் அதோடு விட்டுவிடாமல், அதற்கு அந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபட்டது என்றும் கேளுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறிகளைக் கேட்கும் வினாப்பட்டியலில் அது பதற்றமாகப் பதிவாகும். ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "பூட்டாமலே போன நாள் நிறைய உண்டு, அதனால்தான்" என்பார். இவருக்குப் பதற்றம் உண்மைதான், ஆனால் அது பின்னால் வந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்க நேரம் ஒதுக்குங்கள்.

மறுபக்கமும் எனக்குக் கவலைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 6 கேள்வி வடிகட்டிப் பட்டியலில் மதிப்பெண் கூடிவிட்டது என்பதற்காகவே ஏடிஹெச்டி என்று முடிவு கட்டுவதும் தவறு. குறிப்பாக, மனச்சோர்வும் பித்துநிலையும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஏடிஹெச்டிக்கான ஊக்க மருந்து கொடுத்தால் அது பித்துநிலையைத் தூண்டிவிடக்கூடும்.

இன்னொன்று. 2013இல் டிஎஸ்எம்-5 வரும்வரை ஆட்டிசத்தையும் ஏடிஹெச்டியையும் ஒருவருக்கே சேர்த்துச் சொல்ல அந்தக் கையேடு இடம் தரவில்லை. அதற்கு முன் ஆட்டிசம் என்று மட்டும் எழுதி அனுப்பப்பட்ட குழந்தைகள் இன்று பெரியவர்கள். அவர்கள் உங்களிடம் வந்தால், தயவுசெய்து புதிதாகப் பாருங்கள்.

அன்புடன்,
ஓர் உளவள ஆலோசகர்