ஆன்டிபயாட்டிக்கைக் கண்காணிக்க ஒரு குழு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வண்ணாரப்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை தெருவுக்குத் தெரு சிறு மருத்துவமனைகள். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு அனுப்புகிறார்கள். அது வைரஸை ஒன்றும் செய்யாது. உடம்பிலுள்ள பாக்டீரியாவுக்குத்தான் மருந்து பழகிப்போய், பிறகு தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகிறது.

இந்த ஆபத்தை எதிர்கொள்ள 2012-லேயே மருத்துவ அமைப்புகள் நம் ஊரில் கூடி 'சென்னைப் பிரகடனம்' தந்தன. 2018-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆன்டிபயாட்டிக்கை அளவோடு பயன்படுத்த மருத்துவமனைகளுக்கு வழிகாட்டுதலே வெளியிட்டது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும். செய்ய வேண்டியது மலையளவு வேலையல்ல. முதல் டோஸுக்கு முன் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்கும் பரிசோதனைக்கு) ரத்தம் எடுக்க வேண்டும். 48 மணி நேரத்தில் முடிவைப் பார்த்து மருந்தைத் தொடரலாமா, மாற்றலாமா, நிறுத்தலாமா என்று தீர்மானிக்க வேண்டும். மெரோபெனம், கோலிஸ்டின் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளை மூத்த மருத்துவர் ஒப்புதலின்றித் தரக்கூடாது.

சிறிய மருத்துவமனைகளுக்கு லேப் வசதி இல்லை என்பது உண்மைதான். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைக்குக் கூடுதல் ஆட்களும் நிதியும் தந்து, வட சென்னை முழுவதற்கும் கல்ச்சர் பரிசோதனையைக் குறைந்த கட்டணத்தில் செய்துகொடுக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை