கூட்டுத் தொடர்வரிசை: எண்ணிப் பார்த்த பிறகு சூத்திரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழ் வெளியிடும் வழிகாட்டிப் பக்கத்தில், 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்துக்கு ஒரு சூத்திரப் பட்டியலும் சில மாதிரி வினாக்களும் வந்திருந்தன. பட்டியலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் மாறாமல் இருக்கும் கூட்டுத் தொடர்வரிசையில் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவது சூத்திரம் மறந்துபோய் அல்ல. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். வரிசையில் உள்ள எண்கள், அதாவது உறுப்புகள் எத்தனை, அவற்றுக்கு இடையில் உள்ள தாவல்கள் எத்தனை என்பதைப் பிரித்து எண்ணாததுதான் கோளாறு.

நீலகிரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கக் கரும்பலகைகூட வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 5-ஆவது வளைவு முதல் 20-ஆவது வளைவு வரை, இரண்டையும் சேர்த்து, மொத்தம் எத்தனை வளைவுகள்? இருபதில் ஐந்து போக 15 என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சரியான விடை 16. அந்த 16 வளைவுகளை இணைக்கும் சாலைத் துண்டுகள்தான் 15. முனையில் உள்ள இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பவை எத்தனை என்றால் 14. பாதை ஒன்றுதான், கேள்விக்குத் தக்க விடை மூன்று. இந்த மூன்றும் குழம்பாத பிள்ளைக்கு, சூத்திரத்தில் ஓர் உறுப்பின் மதிப்பைக் காணும்போது 'உறுப்பின் எண்ணிலிருந்து 1 கழி' என்பதும், எண்ணிக்கை காணும்போது '1 கூட்டு' என்பதும் ஏன் வருகின்றன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வெப்பநிலை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் வெப்பம் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், அதாவது 100 மீட்டருக்கு 0.65. மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 32, 31.35, 30.70 என்று வரிசை இறங்கும். இதன் 20-ஆவது உறுப்பு எந்த உயரத்துக்கு உரியது? 326 + 1,900 = 2,226 மீட்டர், ஏறக்குறைய ஊட்டி. வெப்பநிலை 32 − 19 × 0.65 = 19.65 டிகிரி. 20-ஆல் பெருக்கியவருக்கு 19 வரும். 20-ஆவது இடத்துக்குப் போக 19 முறை ஏறினால் போதும் என்பதை அவர் பார்க்கவில்லை.

இதே கணக்கில் இன்னொரு பிழையும் தவறாமல் தலைகாட்டும். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தே பழகிய கை, அடுத்தடுத்த உறுப்புகளுக்கு இடையில் மாறாமல் வரும் பொது வித்தியாசத்தை 0.65 என்று எழுதிவிடும். எப்போதும் பின்னால் வரும் உறுப்பிலிருந்து முன்னால் உள்ளதைக் கழிக்க வேண்டும்; 31.35 − 32, ஆகவே −0.65. குறியை விட்டவரின் கணக்குப்படி ஊட்டியில் 44.35 டிகிரி வெயில் கொளுத்தும்! விடையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். பாடநூல் கணக்குகளில் வெறும் எண்கள் மட்டும் இருந்தால் இப்படிச் சரிபார்க்க வழியே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 0.65 என்பது சராசரிதான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கிவிடும். அதனால்தான் உறைபனி தாழ்வான புல்வெளியில் வெள்ளையாகப் படிந்திருக்கும்போது, மேட்டில் உள்ள தோட்டம் தப்பிவிடுகிறது. அந்த இரவில் மேலே போனால் குளிர் கூடும் என்ற கணக்கு தலைகீழாகிவிடும். வித்தியாசம் சமமாக இருக்கிறது என்று வினாவில் கொடுத்திருந்தாலோ, நாமே சோதித்துப் பார்த்திருந்தாலோ ஒழிய அந்த வரிசையைக் கூட்டுத் தொடர்வரிசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோதிப்பதிலும் அரைகுறை வேலை உதவாது. மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து முழுக் கிலோமீட்டரில் கல்லாறு 8, அடர்லி 13, ஹில்குரோவ் 18. வித்தியாசம் 5, மறுபடியும் 5. அடுத்த நிலையம் 23-இல் என்று எழுதத் தோன்றும். ஆனால் ரன்னிமேடு 21-இலேயே வந்துவிடும். கொடுத்திருக்கும் அடுத்தடுத்த சோடிகள் அனைத்தையும் கழித்துப் பார்த்தாக வேண்டும். 2, 4, 8 என்ற வரிசையில் முதல் சோடியை மட்டும் பார்த்துவிட்டுப் பொது வித்தியாசம் 2 என்று எழுதும் விடைத்தாள்கள் உண்டு. மறுபக்கம், 5, 5, 5, 5 என்பதைக் கூட்டுத் தொடர்வரிசை அல்ல என்று அடித்துவிடுபவர்களும் உண்டு. அதன் பொது வித்தியாசம் 0, அவ்வளவுதான்.

கூடுதல், அதாவது உறுப்புகளின் கூட்டுத்தொகை காணும் சூத்திரத்துக்கு வருவோம். சரிவில் ஒரு தேயிலைத் துண்டு; மேல் வரிசையில் 14 செடிகள், கீழே ஒவ்வொரு வரிசைக்கும் 3 செடிகள் அதிகம், மொத்தம் 12 வரிசைகள். கடைசி வரிசையில் 14 + 11 × 3 = 47. முதலும் கடைசியும் சேர்ந்து 61. இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் 17 + 44, அதுவும் 61. மேலிருந்து ஒரு படி இறங்கினால் 3 கூடுகிறது, கீழிருந்து ஒரு படி ஏறினால் 3 குறைகிறது, ஆகவே கூட்டுத்தொகை அசையாது. ஆறு சோடிகள், 366 செடிகள்.

இதே இடத்தில் 11 வரிசைகள் என்று மாற்றிப் பாருங்கள், வகுப்பு திகைக்கும். ஐந்து சோடி போக நடுவில் ஒன்று தனியாக நிற்கிறதே! அந்த 6-ஆவது வரிசையில் 29 செடிகள்; முதலும் கடைசியுமான 14, 44 ஆகியவற்றின் சராசரியும் 29. எனவே 11 × 29 = 319. உண்மையில் சோடி சேர்ப்பதைவிடச் சராசரியை முன்வைப்பதே நல்ல வழி: எல்லா வரிசைகளிலும் சராசரி அளவு செடிகள் இருந்தால் மொத்தம் எவ்வளவோ அதுவே விடை. ஒற்றை, இரட்டை என்ற வேறுபாடு அதில் இல்லை. 499-இல் ஆரியபட்டர் இந்தக் கணக்கைச் சொல்லும்போதும் நடு மதிப்பைக் கண்டு உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கச் சொல்லிவிட்டு, அதன்பிறகே முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியால் பெருக்கும் முறையைத் தருகிறார். அந்த வரிசைமுறை வகுப்பறைக்கும் பொருந்தும்.

கூடுதலைக் கொடுத்து எண்ணிக்கையைக் கேட்டால் இருபடிச் சமன்பாடு வரும், இரண்டு விடைகள் கிடைக்கும். 20, 16, 12, … என்ற வரிசையில் எத்தனை உறுப்புகளைக் கூட்டினால் 56? விடை 4 என்றும் 7 என்றும் வரும். ஒன்றை யோசிக்காமல் அடித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் முதல் நான்கு உறுப்புகளின் கூடுதல் 56. அடுத்து வரும் 4, 0, −4 மூன்றும் சேர்ந்து பூச்சியம். ஆகவே இரண்டும் சரி. அதே எண்கள் செடிகளைக் குறித்தால் −4 செடி என்று ஒன்று கிடையாது. அப்போதுதான் 7-ஐ நீக்க வேண்டும், அதற்கான காரணத்தையும் ஒரு வரி எழுத வேண்டும். எண்ணிக்கை பின்னமாக வந்தால் வேறு கதை. 7, 11, 15, … வரிசையில் 100 உண்டா என்று பார்க்கும்போது 93-ஐ 4-ஆல் வகுத்தால் 23.25. முழுத் தாவல்களில் 100-ஐ எட்ட முடியாது, எனவே இல்லை. அதைத் தோராயமாக்கி 24-ஆவது உறுப்பு என்று எழுதுவது பெரும்பிழை.

தனிவட்டியும் கூட்டுத் தொடர்வரிசைதான். கூட்டுவட்டி அப்படியல்ல, அது ஒவ்வொரு உறுப்பையும் ஒரே எண்ணால் பெருக்கி அடுத்ததைப் பெறும் பெருக்குத் தொடர்வரிசை. 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டி என்றால், முதல் ஆண்டு முடிவில் 10,800, இரண்டாம் ஆண்டு முடிவில் 11,600. பத்தாம் ஆண்டு முடிவில்? முதல் உறுப்பை 10,800 என்று எடுத்தால் ஒன்பது தாவல், 18,000 ரூபாய். அசலையே முதல் உறுப்பாக எடுத்துக்கொண்டு 9-ஆல் பெருக்கினால் 17,200 என்று 800 ரூபாய் குறைந்துபோகும். அசலில் தொடங்கினால் பத்தாம் ஆண்டு முடிவு 11-ஆவது உறுப்பு. முதல் உறுப்பு எந்த நேரத்துக்கு உரியது என்பதை விடைத்தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு.

மூன்று எண்கள் கூட்டுத் தொடர்வரிசையில் உள்ளன என்றால் நடு எண்ணிலிருந்து இருபுறமும் தாவ வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் அறிவார்கள். நான்கு எண்கள் என்றால் நடுவில் எண் இல்லை. ஏதோ ஓர் அளவை ஒரு பங்காக வைத்துக்கொண்டு, சராசரியிலிருந்து இருபுறமும் 1 பங்கு, 3 பங்கு என்று தள்ளி எழுதுவார்கள். அப்போது பொது வித்தியாசம் 2 பங்கு என்பது கடைசி வரியில் மறந்துபோகும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. மாதிரி வினாவுக்குச் சரியான விடையை மட்டும் அச்சிடாமல், வழக்கமாக வரும் தவறான விடையையும் பக்கத்தில் போடுங்கள். 7-ஆல் மீதியின்றி வகுபடும் மூன்று இலக்க எண்கள் எத்தனை என்று கேட்டால், முதல் எண் 105, கடைசி 994, வித்தியாசம் 889, தாவல்கள் 127, ஆகவே எண்கள் 128 என்று எழுதிவிட்டு, '127 என்று வந்திருந்தால் தாவல்களை எண்ணியிருக்கிறீர்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பக்கத்தில் இடம் போதவில்லையென்றால் சூத்திரப் பட்டியலை எடுத்துவிடலாம். அது பாடநூலிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.