நாலேமுக்கால் லிட்டர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் கண் ஒரு காரணம். புதுக் கண்ணாடிக்கு என் மூக்கு இன்னும் பழகவில்லை. இன்னொன்று, எழுதும் மேசை முழுக்க அலுமினியத் தூள். இன்று காலைதான் துடைத்தேன். உன் முழங்கால் மாடிப்படி ஏறும் அளவுக்குத் தேறிவிட்டது என்று படித்ததில் நிம்மதி. பேத்தி உன் ரேடியோவைப் பிரித்துப்போட்டதைப் புகாராக எழுதியிருக்கிறாய். படித்த எனக்கு அதில் பெருமைதான் தெரிந்தது.

"கம்ப்யூட்டருக்கு நீயே பெட்டி செய்கிறாயாமே, கடையில் கிடைக்காதா?" என்று கேட்டிருந்தாய். கிடைக்கும். செலவும் குறையும், மூலைகளும் நேராக இருக்கும். ஆனால் என் பழைய பெட்டி நாற்பது லிட்டருக்கு மேல். கால் நீட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு பத்து வருடமாகக் கிடந்தது. (சிறிய பெட்டி செய்கிறவர்கள் அளவை லிட்டரில்தான் சொல்வார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது, இப்போது நானும் அப்படித்தான் பேசுகிறேன்.) ஒருநாள் தூசி தட்டத் திறந்தால், உள்ளே முக்கால்வாசியும் காற்று. நான் விளையாட்டு எதுவும் ஆடுவதில்லை, கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அவசியமான பாகங்களை ஒரு துண்டின் மேல் அடுக்கிப் பார்த்தேன். இரண்டு அகராதிகளை ஒட்டி வைத்த அளவுதான் வந்தது. அன்று பிடித்த பைத்தியம் இது.

மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய வகை மதர்போர்டு ஒன்று வாங்கினேன், மற்றப் பாகங்களெல்லாம் வந்து சேரும் தாய்ப் பலகை அது. 170 மில்லிமீட்டருக்கு 170. வியா என்ற நிறுவனம் 2001இல் கொண்டுவந்த அளவு. எனக்குப் பிடித்தது என்னவென்றால், இதன் நான்கு திருகுத் துளைகளும் இன்டெல் 1995இல் வகுத்த பெரிய ஏடிஎக்ஸ் போர்டின் துளைகளில் நான்கேதான். அதனால் இந்தக் குட்டிப் போர்டை அந்தப் பழைய பெரிய பெட்டிக்குள்ளும் திருகிவிடலாம். அந்த நான்கும் சரியான செவ்வகமாக இல்லை, ஒன்று சற்று விலகி நிற்கும். அளவுகோலை வைத்து நானே குறித்துக்கொள்கிறேன் என்று கிளம்பினால் அங்கே மாட்டிக்கொள்வாய்.

மாட்டிக்கொள்ளக்கூடாது என்று வரைபடத்தை அச்சடித்துத் தகட்டின் மேல் ஒட்டினேன், வேறு விதமாக மாட்டிக்கொண்டேன். அச்சு எந்திரம் தாளுக்குள் அடங்கட்டும் என்று படத்தைத் தானாகவே சுருக்கியிருக்கிறது. 170 இருக்க வேண்டிய கோடு 165. நான்கு துளையும் போட்ட பிறகுதான் போர்டை வைத்துப் பார்த்தேன். ஒரு துளையில் திருகு இறங்கியது, மற்ற மூன்றும் என்னைப் பார்த்துச் சிரித்தன. அந்தத் தகடு இப்போது செடித்தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

அடுத்த தகடு வளைக்கும்போது போனது. இரண்டு இரும்புக் கோணச் சட்டங்களுக்கு நடுவே வைத்து, வைஸில் இறுக்கி, மரச்சுத்தியலால் தட்டினேன். பாதி வளைவிலேயே விளிம்பு நெடுகக் காய்ந்த ஓலை போல விரிசல் விட்டது. விசாரித்தால், நான் வாங்கியது 6061 ரகமாம், டி6 பதத்தில் கடினப்படுத்தியது. கடைவதற்கு அருமையான உலோகம்; இப்படி நெருக்கி வளைத்தால் வெடிக்கும். வளைக்கும் வேலைக்கு 5052. அலுமினியம் என்றால் அலுமினியம்தானே என்று நினைத்திருந்தவன் நான்.

இந்த இடத்தில் உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். தையல் மேசையில் அவர் சாக்கட்டியால் கோடு போட்டு, அதற்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி வெட்டுவார். பிடிப்புக்குத் துணி விடாவிட்டால் சட்டை சுருங்கிவிடும் என்பார். தகட்டில் கணக்கு நேர்மாறு. வெளிப்பக்க அளவுகளைக் கூட்டி அந்த நீளத்துக்கே வெட்டினால், வளைத்த பிறகு பெட்டி பெரிதாக வந்து நிற்கும். எவ்வளவு பெரிதாகும் என்பது தகட்டின் தடிமனையும் வளைவையும் பொறுத்தது. சூத்திரம் உண்டு, ஆனால் எனக்கு ஒரு துண்டுத் தகடு போதுமானதாக இருந்தது. சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை வெட்டினேன். நடுவில் செங்கோணமாக மடக்கினேன். மடிப்பின் இரண்டு பக்கத்தையும் வெளிப்புறமாக வெர்னியரில் அளந்து கூட்டினால் 102.5. ஆக, என் ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டுக்கு ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டரை மில்லிமீட்டர் கழிக்க வேண்டும். அந்தப் பட்டை இப்போது மேசை இழுப்பறையில், உன் அப்பா கொடுத்த அங்குல நாடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தகடு வளைந்தது. பாகங்களும் உட்கார்ந்தன. பின்னால் போர்டு, முன்னால் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை, எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய வகை, 125 அகலம், 100 ஆழம், 63.5 உயரம். இரண்டுக்கும் நடுவே கேபிளுக்காக 25 மில்லிமீட்டர் விட்டிருந்தேன், தாராளம் என்ற நினைப்பில். வெளி அளவு 180க்கு 310க்கு 80. நாலரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அன்றிரவு உனக்குத் தந்தி அடிக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் மின்கம்பிகளைச் செருகினேன். நான் அளந்ததெல்லாம் பாகங்களை. அவற்றிலிருந்து புறப்படும் கம்பிகளை யார் அளப்பது? 24 பின் கேபிள் என்பது சப்ளையிலிருந்து போர்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் விரல் தடிமன் கம்பிக் கற்றை. அதன் பிளக் சப்ளையின் முகத்திலிருந்து முதலில் நேராக நீட்டிக்கொண்டு வரும், அதற்குப் பிறகுதான் வளையவே சம்மதிக்கும். வளையும் இடத்திலும் அதற்கென்று ஒரு வட்டம் வேண்டும். கட்டை விரலால் அழுத்திப் பிடித்து மூடியைத் திருகப் பார்த்தேன். விட்டதும் பாம்பு படம் எடுப்பது போல எழும்பி மூடியைத் தள்ளியது. இரண்டு நாள் வேறு வேறு மாதிரி மடக்கிப் பார்த்தேன். கம்பியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பிளக்கின் வேர் தளர்ந்துவிட்டால் அப்புறம் தீப்பொறிதான். தோல்வியை ஒப்புக்கொண்டு, பெட்டியின் நீளத்தை 20 மில்லிமீட்டர் கூட்டி, நான்காவது தகடு வாங்கினேன். 330 நீளம். நாலேமுக்கால் லிட்டர்.

இந்தமுறை முதலில் அட்டையில் செய்தேன். செருப்பு வந்த அட்டைப் பெட்டியைக் கத்தரித்து, உள்ளே எல்லாவற்றையும் வைத்து, கம்பிகளைச் செருகி, மூடிப் பார்த்தபின்தான் ரம்பத்தையே கையில் எடுத்தேன். ஒரு மணி நேர வேலை. இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு தகடு மிச்சம்.

மூடியில் காற்றுத் துளைகள் 212. நாலு மில்லிமீட்டர் துளை, மையத்துக்கு மையம் ஆறு. வரிசைக்கு வரிசை நேராகப் போட்டால் திறந்த பரப்பு 35 சதவீதம்தான். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பாதி தள்ளி, தேன்கூடு மாதிரி போட்டால் 40. ஒவ்வொன்றுக்கும் சென்டர் பஞ்சால் ஒரு பள்ளம் தட்டிவிட்டுத்தான் ட்ரில்லை வைக்க வேண்டும். 131ஆவது துளைக்கு வரும்போது தொலைபேசி ஒலித்தது, பள்ளம் தட்ட மறந்தேன், முனை வழுக்கிக்கொண்டு ஒன்றரை மில்லிமீட்டர் ஓடிவிட்டது. நீ வரும்போது அதைக் கண்டுபிடிப்பாய் என்று தெரியும். யாருக்கும் காட்டாதே.

துளை போட்டதும் அரத்தால் பிசிறெடுத்துக் கழுவு, அதன் பிறகுதான் போர்டை அறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். இரும்பென்றால் காந்தத்தால் பொறுக்கிவிடலாம், அலுமினியச் சுருள் காந்தத்துக்கு மசியாது. போர்டின் அடியில் ஒன்று சிக்கினால் ஷார்ட் ஆவதற்கு அதுவே போதும்.

சூடு பற்றிக் கேட்டிருந்தாய். ப்ராசசர் மேல் 37 மில்லிமீட்டர் உயரக் கூலர் வைத்திருக்கிறேன். மூடிக்கும் அதன் ஃபேனுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அதனால் ஃபேன் வெளிக்காற்றை விட்டுவிட்டு, தான் ஊதித் தள்ளிய சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் கிடந்த பஞ்சுத் தாளைச் சதுர வளையமாக வெட்டி அந்த இடைவெளியை அடைத்தேன். ஏழு டிகிரி இறங்கியது. இத்தனை வேலையில் சிரமமில்லாமல் கிடைத்த பலன் அது ஒன்றுதான்.

ஆன் செய்யும் பொத்தானுக்கு அழைப்பு மணிப் பொத்தானையே வைத்துவிட்டேன். போர்டில் இரண்டு பின்னை ஒரு நொடி தொடவைத்தால் போதும், அதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை. பேத்தியை அதை அழுத்தச் சொல்லலாம். ஆனால் பவர் சப்ளையின் மூடியை மட்டும் அவள் கைக்கு எட்டவிடாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். உலோகப் பெட்டி என்பதால் எர்த் கம்பியும் முக்கியம். சப்ளையைத் திருகும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, உலோகத்தோடு உலோகம் படும்படி இறுக்கினேன்.

இந்தக் கடிதத்தை எழுதும்போது அது திரைக்கு அடியில் இருக்கிறது. சத்தம் கேட்க வேண்டுமென்றால் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். மேசைக்கடியில் காலை நீட்டியிருக்கிறேன். பழக்கத்தில் இன்னும் ஓரமாகவே வைத்துக்கொள்கிறேன் என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

உனக்கும் ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறாய். செய்கிறேன், ஆனால் ஓர் உதவி வேண்டும். உன்னிடம் இருக்கும் சப்ளையில் 24 பின் கேபிளைச் செருகி, வலிக்காமல் எவ்வளவு வளையுமோ அவ்வளவு வளைத்து, அந்த வளைவு சப்ளையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் துருத்துகிறது என்று அளந்து எழுது. அங்குல நாடா வேண்டாம், பேத்தியின் ஸ்கேலை வாங்கிக்கொள். உன் வரைபடம் தயார். நீளம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்